பாதி எல்லாம் கிடையாது

ஜூன் 2, திங்கள்

டாக்டர் லலிதாம்பிகையின் கட்டளை: பேட்டி எடுக்கப் போகிறவர்கள் நாட்குறிப்பு எழுத வேண்டும். யாரும் கேட்டு வாங்கிப் படிக்க மாட்டார்களாம். "உங்க கோபம், எரிச்சல், பாசம் எல்லாத்தையும் அதுல கொட்டிடுங்க. பேட்டிக்குப் போறப்ப காலிப் பாத்திரமா போகணும்" என்றார். சரி, கொட்டுகிறேன்.

ஆய்வு இதுதான். பேராக் மாநிலத்தில் இனம் விட்டு இனம் கல்யாணம் செய்துகொண்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். வெளியே இவர்களை எப்படிப் பார்க்கிறார்கள், இவர்கள் தங்களை யார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பேட்டி எடுக்க நானும் சுரையாவும்.

கேள்வித்தாளில் முதல் கேள்விக்கும் முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. பெயர் 'முதல் பார்வை'. கதவு திறந்ததும், எதிரே நிற்பவர் வாயைத் திறப்பதற்குள், அவர் என்ன இனம் என்று நமக்குத் தோன்றுகிறதோ அதை நாமே குறிக்க வேண்டும். மலாய், சீனர், இந்தியர், பிற. அப்புறம்தான் அவரைக் கேட்டு அவர் சொல்வதை எழுத வேண்டும்.

"பாத்ததும் தெரியும்னு யாரு டாக்டர் சொன்னா?" என்று கேட்டேன்.

"தெரியும்னு நான் சொல்லல யோகா. தோணும்னு சொல்றேன். அடுத்தவனுக்குத் தோணுறதுதான் இவங்க தலையில விடியுது. அதைத்தான் அளக்கப் போறோம்."

அளக்கட்டும். நான் அந்தக் கட்டத்தைத் தொடப் போவதில்லை. என் அம்மா மங்களம் சீனத் தாய்க்குப் பிறந்து, பிறந்த பத்தாம் நாள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டவள். அந்தக் காலத்தில் பெண் பிள்ளை வேண்டாம் என்று நினைத்த சீனர்கள் தமிழர்களிடம் கொடுப்பது இங்கே சகஜம். அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு தாய்மொழி கிடையாது. அவளுடைய முதல் பார்வைக் கட்டத்தில் எவனாவது பேனா வைத்தால் கையை ஒடிப்பேன்.

காலிப் பாத்திரமாம்.

ஜூன் 5, வியாழன்

முதல் பேட்டி, கம்பார். கணவர் பஞ்சாபி, லாரி உதிரி பாகங்கள் விற்கிறார். மனைவி சீனர். முப்பது வருட தாம்பத்தியம். நான் கேள்வி கேட்டதைவிட அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் குறுக்கு விசாரணை செய்ததுதான் அதிகம். கல்யாணத்தை எதிர்த்தது யார் என்று கேட்டேன். "இவர் அம்மா" என்றார் மனைவி. "பொய். உன் அப்பா" என்றார் கணவர். அரை மணி நேரம் அதிலேயே போயிற்று.

கிளம்பும்போது அந்த அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீ என்ன கலப்பு?" என்று மலாயில் கேட்டார்.

"தமிழ்" என்றேன்.

"கண்ணைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே."

கண்ணில் பவர் இருக்கிறது, மைனஸ் மூன்று என்றேன். சிரித்துவிட்டார். கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

அம்மாவோடு பசார். மீன்கடைக்காரன் வழக்கம்போல அம்மாவைப் பார்த்ததும் கான்டனீஸில் விலை சொன்னான். அம்மா வழக்கம்போல மலாயில் பேரம் பேசினாள். அவன் பக்கத்துக் கடைக்காரனிடம், 'இந்தக் கிழவி தன் மொழியை மறந்த சீனத்தி' என்று கான்டனீஸில் சொன்னான். எனக்குப் பள்ளித் தோழிகள் புண்ணியத்தில் கான்டனீஸ் நன்றாக வரும். அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனாலும் எடுத்து வைத்த திருக்கையை அப்படியே பலகையில் போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடந்தாள். மீன் பழசாம்.

லிட்டில் இந்தியாவில் அம்மாவின் தையல் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "தையக்கார அம்மா இல்லையா?" என்று கேட்பார்கள். "நான்தான். கையத் தூக்குங்க, அளவெடுக்கணும்" என்பாள் அம்மா. அந்தத் தமிழைக் கேட்டு அவர்கள் முழிப்பதை சின்ன வயதில் நான் டிக்கெட் வாங்காத சர்க்கஸாகப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஜாக்கெட் தைத்து வாங்கியவர்கள் வேறு கடைக்குப் போனதில்லை.

அப்பா இறந்தபோது, பொட்டை எடுக்க வந்த பெண்களிடம், "இது அவரு வெச்சது இல்ல. எங்கம்மா வெச்சுவிட்டது. யாரும் தொடக் கூடாது" என்றாள். யாரும் தொடவில்லை.

ஜூன் 12, வியாழன்

மூன்று வீடு முடிந்தது. மூன்று கட்டமும் காலி.

ஜூன் 16, திங்கள்

டாக்டர் கூப்பிட்டார். கட்டம் ஏன் காலி என்று கேட்டார். எனக்கு எதுவும் தோன்றவில்லை என்றேன்.

"பொய்" என்றார், கோபமில்லாமல். "தோணும். உனக்குத் தோணுறது பிடிக்கல, அவ்வளவுதான்."

வாய் சும்மா இருக்கவில்லை. அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இவர்கள் ஆய்வில் அம்மாவை எந்தப் பக்கம் போடுவார்கள்? அம்மா அப்பாவைக் கட்டியது இனம் கடந்த கல்யாணமா இல்லையா? டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் வந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவைப் பேட்டி எடுக்கலாமா என்று கேட்டார். "முடியாது" என்றேன். "அவங்களக் கேட்டியா?" என்றார்.

சாயங்காலம் சீ கியோங் கடைக்குப் போனேன். அவன் ஜாலான் சுல்தான் இட்ரிஸில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். என் மைனஸ் மூன்றைக் கண்டுபிடித்தவன் அவன்தான், அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான்கு வருடமாக இந்தத் தலைவலி இல்லை. தேதி கேட்கிறான். ஆடியில் எங்களுக்கு ஆகாது. அவர்களுடைய ஏழாம் மாதம் பேய்களுக்கானது, அதில் அவர்களுக்கு ஆகாது. இரண்டையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், இரு வீட்டாரும் சந்திக்க ஆடி பிறப்பதற்குள் நாலு ஞாயிறுதான் மிஞ்சுகிறது. "உன் அம்மாவிடம் எப்போது சொல்வாய்?" என்றான்.

அம்மாவுக்கு அவனைப் பிடிக்கும். ஊசியில் நூல் கோக்க அவளுக்குக் கண்ணாடி செய்து கொடுத்தது அவன்தான். 'அந்தக் கண்ணாடிக்காரத் தம்பி' என்று வாய் நிறையச் சொல்வாள். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 21, சனி

சொல்லிவிட்டேன்.

அம்மா மெஷினை நிறுத்தினாள். "கண்ணாடிக்காரத் தம்பியா?" என்றாள். முதலில் சிரித்தாள்கூட. பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்து, துணி வெட்டும் மேசை ஓரத்தில் வைத்தாள்.

"சீனனா?"

"நாலு வருசமா அவன் முகத்தத்தானம்மா பாத்துட்டு இருக்கீங்க."

"கண்ணாடி செய்ய எவனா இருந்தா எனக்கென்ன? வேற யாரும் கிடைக்கலியா உனக்கு? மலாய்க்காரன், பஞ்சாபி, வெள்ளக்காரன், எவனையாச்சும் கூட்டிட்டு வந்திருந்தா கத்திட்டு சும்மா இருந்திருப்பேன்."

"அவனுக்கு என்ன கொறச்ச?"

"அவனுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஊரு என்ன சொல்லும் தெரியுமா? 'ரத்தம் ரத்தத்தத் தேடிப் போயிடுச்சு'ன்னு சொல்லும். என்ன இருந்தாலும் சீனத்தி பெத்ததுதானேன்னு சொல்லும். அறுபத்தோரு வருசம் அப்படி ஒரு வார்த்தை என் வாசப்படி ஏறாம பாத்துக்கிட்டேன். இப்ப நீ தாம்பாளத்துல வெச்சுக் குடுக்கப் போற."

"சொல்றவங்க சொல்லட்டும்."

"உனக்கு சுலபம்டி. உன் மூஞ்சி உங்கப்பா மூஞ்சி."

கோபத்தில் வேறொன்றைச் சொன்னேன். எங்கள் ஆய்வில் எந்தக் கட்டத்திலும் அடங்காத ஆள் நீங்கள்தான், டாக்டர் உங்களைப் பேட்டி எடுக்கத் துடிக்கிறார் என்றேன். குத்த வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அம்மா மெஷினைத் திரும்ப ஓட்டினாள். "வரச் சொல்லு" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா பேசவில்லை. எனக்கென்ன. நானும் பேசவில்லை.

ஜூன் 25, புதன்

அம்மா கண்ணாடி போடாமல் தைக்கிறாள். இன்று ஒரு ஜாக்கெட் திரும்பி வந்தது, ஹூக்குகள் வரிசை தப்பி ஒன்று மேலே ஒன்று கீழே. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படி ஒன்று திரும்பி வந்ததில்லை. கண்ணாடியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினாள். ஹூக்குகளைப் பிரித்து நானே தைத்தேன். அவள் வராவிட்டாலும் கல்யாணம் நடக்கும். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட அம்மா தேவையில்லை. இதைச் சீ கியோங்கிடம் இன்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை அவன் டிஷ்யூ டப்பாவை என் முன்னால் வைத்தான். ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 28, சனி

பேட்டி கடையிலேயே நடந்தது. சொந்தக்காரர்களை நாங்கள் பேட்டி எடுக்கக் கூடாது. சுரையாவுக்குத் தமிழ் தெரியாது, அம்மா தமிழைத் தவிர வேறெதிலும் பேச மாட்டேன் என்றுவிட்டாள். எனவே டாக்டரே வந்தார். நான் திரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டும் என்று ஏற்பாடு.

"யோகா, அங்கயே இரு. காதத் திறந்து வெச்சுக்கோ" என்றாள் அம்மா, ஒரு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தையாக.

உங்களைப் பெற்றவர்களைப் பற்றி என்ன தெரியும் என்று டாக்டர் கேட்டார். "குடுத்தாங்க. இவங்க வாங்கிக்கிட்டாங்க. கதை முடிஞ்சுது. அடுத்த கேள்வி கேளுங்க."

கல்யாணத்தின்போது நீங்கள் வேறு இனம் என்று யாராவது எதிர்த்தார்களா என்று கேட்டார்.

"மாப்பிள்ளை வீட்டுல யாரும் எதுக்கல. எங்க வீட்டுலதான் எதுத்தாங்க."

"நீங்க சீனப் பிள்ளையா பிறந்ததாலயா?"

அம்மா சிரித்தாள்.

"என் மூஞ்சியப் பாத்து ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலம்மா. அவரு வேற சாதி. எங்க சாதிக்குக் கீழயாம். எங்கப்பா சொன்னாரு, 'நம்ம சாதிப் பொண்ணு அந்த வீட்டுக்குப் போகக் கூடாது'ன்னு. நம்ம சாதிப் பொண்ணு! யாரு? நான்! இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு! எனக்கு சாதியக் குடுத்ததே அவருதான், பத்து நாள் பிள்ளையில, பால் புட்டியோட சேத்துக் குடுத்தாரு. சந்தோசப்படறதா அழறதான்னு தெரியல எனக்கு. அவ்வளவு முழுசா என்னைத் தன் பிள்ளையா நெனச்சிருக்காரு, அதனாலயே என்னை வெட்டிப் போடவும் நின்னாரு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். "அப்புறம் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? ஒரு பையில மூணு சேலை எடுத்துக்கிட்டு பஸ் ஏறினேன். எங்கண்ணன் முனியாண்டி வாசல்ல நின்னு, 'போனா திரும்பி வராத'ன்னான். ஒம்போது வருசம் வரல. இவளுக்குக் காது குத்தணும்னு வந்தப்ப தோட்டத்துக்குப் போயி நின்னேன். 'என் பிள்ளைக்குத் தாய்மாமன் மடி வேணும். சாதிக்கு மடி இருந்தா அனுப்பு, இல்லாட்டி நீ வந்து உக்காரு'ன்னேன். வந்து உக்காந்தான்."

முனியாண்டி மாமா மடியில் நான் அழுத படம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதில் மாமாவும் அழுகிறார். நான் போட்ட கூச்சலைத் தாங்காமல் அழுகிறார் என்றுதான் இத்தனை நாள் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"ஊரு என்ன சொல்லுதுன்னு கவலைப்பட்டீங்களா அப்ப?" என்று டாக்டர் கேட்டார். கேள்வித்தாளில் அப்படி ஒரு கேள்வி கிடையாது.

அம்மா டாக்டரின் கோப்பையை எடுத்தாள். பிறகு, "டீ ஆறிடுச்சு, வேற போட்டுட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 3, வியாழன்

காலையில் எழுந்து வந்தால் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு தைக்கிறாள்.

"ஆடிக்கு முந்தி போயிட்டு வந்துரலாம். முனியாண்டிகிட்ட சொல்லிட்டேன்" என்றாள், தலை நிமிராமல்.

நான் வாயைத் திறப்பதற்குள், "பாக்கத்தான் வரேன். சம்மதம்னு நெனச்சுக்காத. பிடிக்கலன்னா தட்டத் திருப்பி எடுத்துட்டு வந்துருவேன்" என்றாள்.

ஏன் மனசு மாறினாள் என்று கேட்கவில்லை. கேட்டால் திரும்பவும் மாறிவிடுவாள்.

ஜூலை 12, சனி

நாளைக்குப் போகிறோம். சீ கியோங் ஃபோன் செய்து, "உன் அம்மாவைப் பற்றி என் வீட்டில் சொல்லட்டுமா?" என்று கேட்டான். என்ன சொல்வதற்கு? தமிழர், தையல் கடை வைத்திருக்கிறார், அப்பா இல்லை. இதெல்லாம் சொல்லியாகிவிட்டதே. என் அம்மாவுக்கு முன்னுரை எழுதிக் கொடுத்து அறிமுகம் செய்ய வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்றேன். "நான் அதற்குச் சொல்லவில்லை" என்றான். எதற்கும் சொல்ல வேண்டாம் என்று ஃபோனை வைத்தேன்.

இந்தப் பிடிவாதம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும்.

ஜூலை 13, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும். எதையும் விடக் கூடாது.

அம்மா மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரம் கட்டியிருந்தாள், பெரிய பொட்டு. மாமா பட்டு வேட்டி, கையில் பழத்தட்டு. தோட்டத்து வெயில் முழுவதையும் வாங்கிக் கறுத்தவர் மாமா. நான் பின்னால். கதவைத் திறந்தது சீ கியோங்கின் அம்மா, லியோங் ஆண்ட்டி. என்னைப் பார்த்துச் சிரித்தார். மாமாவைக் கும்பிட்டார், அதுவும் கை கூப்பி, பழகிப் பார்த்திருக்கிறார் போலும். பிறகு அம்மாவைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு கான்டனீஸில் மளமளவென்று பேச ஆரம்பித்தார். "நல்ல வேளை நீங்கள் வந்தீர்கள்! இரண்டு பக்கத்துச் சடங்கும் தெரிந்த ஆள் கிடைப்பதே பெரிய விஷயம். சேலைகூட எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறீர்கள்!" பேசிக்கொண்டே பணம் வைத்த சிவப்பு உறை ஒன்றை, ஒரு அங்பாவை, அம்மாவின் கையில் வைத்து அழுத்தினார்.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. கான்டனீஸ் கல்யாணங்களில் பெண்ணுக்குத் துணையாகக் கூலிக்கு ஒரு அம்மாள் வருவார். எப்போது மண்டியிட வேண்டும், யாருக்கு முதலில் தேநீர் தர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, மங்கலமாக நாலு வார்த்தை பேசி, அங்பாவ் வாங்கிக்கொண்டு போவார். தமிழ் வீட்டார் பாவம் விவரம் தெரியாதவர்கள், ஒரு சீன அம்மாளைக் கூலிக்குப் பிடித்துச் சேலை கட்டிக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று லியோங் ஆண்ட்டி நினைத்துவிட்டார்.

அம்மாவை சோபாவில் உட்கார வைக்கவில்லை. தேநீர்த் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைக் காட்டினார். அம்மா உட்கார்ந்தாள். மாமாவுக்கு சோபா. மேசையில் முறுக்குப் பொட்டலம், சைவ மீகூன் நூடுல்ஸ், தட்டில் அடுக்கிய ஆரஞ்சுப் பழங்கள். ஆண்ட்டி கேட் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார். கடைசியில் மாமாவிடம் மலாயில், "பெண்ணின் அம்மா வரவில்லையா?" என்று கேட்டார்.

மாமா முக்காலியைக் காட்டினார். "இதுதான் என் தங்கச்சி" என்றார் மலாயில்.

ஆண்ட்டி சிரித்தார். மாமா வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார். சீ கியோங் "மா!" என்று எழுந்தான். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பேசினாள்.

கான்டனீஸில்.

"நான்தான் பெண்ணைப் பெற்றவள்."

பிசிறில்லாத, பசார் கான்டனீஸ். மீன்கடைக்காரர்கள் பேசுவது அப்படியே. என் முப்பது வயதில் அம்மா வாயிலிருந்து அந்த மொழியில் ஒரு எழுத்தைக்கூட நான் கேட்டதில்லை. அப்படியானால் இத்தனை வருடம் பசாரில் சொல்லப்பட்ட ஒவ்வொன்றும் அவளுக்குப் புரிந்திருக்கிறது.

ஆண்ட்டி அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "நீங்கள் நம்ம ஆளா! அப்படியானால் பெண் பாதி சீனப் பெண்! சீ கியோங், ஏனடா இதைச் சொல்லவில்லை? இத்தனை நாளாக என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேனே!" அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. கெட்ட மனுஷி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான்கு வருடமாக என்னை ஏற்றுக்கொள்ளத் தயங்கியவருக்கு என் அம்மாவின் முகத்தைப் பார்த்த ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

அம்மாவை முக்காலியிலிருந்து எழுப்பி சோபாவில் உட்கார வைத்தார். இரண்டு கையாலும் தேநீர்க் கிண்ணத்தை நீட்டினார். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா கிண்ணத்தை ஒரு கையால் வாங்கி, தலையை அண்ணாந்து, உதடு படாமல் உயரத் தூக்கி, தோட்டத்தில் சொம்புத் தண்ணீர் குடிப்பதுபோல ஒரே மடக்கில் வாயில் ஊற்றிக்கொண்டாள். ஒரு சொட்டும் சேலையில் சிந்தவில்லை. கிண்ணத்தை வைத்தாள்.

"யோகா, நான் சொல்றத அவங்களுக்குச் சொல்லு. ஒரு வார்த்தை விடக் கூடாது."

"உங்களுக்குத்தான் கான்டனீஸ் வருதேம்மா."

"மீன் வாங்கத்தான் வரும். இதுக்கு வராது. சொல்லு. என் பொண்ணு பாதி எல்லாம் கிடையாது. என் வீட்டுல முழுசாத்தான் வளந்தா. தமிழ்ப் பொண்ண எடுக்கக் கவலையா இருந்துதுன்னா, அந்தக் கவலையோடயே எடுத்துக்கச் சொல்லு. அதை நான் கொறைச்சுக் குடுக்க மாட்டேன். என் மூஞ்சியக் காட்டி என் பொண்ண நான் தள்ளுபடியில விக்க வரல. தமிழ்ப் பொண்ணு வேணும்னா இருக்கா. பாதி சீனப் பொண்ணு எங்க வீட்டுல இல்ல. இது ரெண்டு இனம் கலக்குற கல்யாணம்தான். முழுசா அதுதான். முடியும்னா சொல்லட்டும், முடியாதுன்னா முனியாண்டி தட்டத் தூக்குவான்."

மாமா தட்டின் மீது கை வைத்தார்.

சொன்னேன். தள்ளுபடி என்ற வார்த்தைக்கு எனக்குக் கான்டனீஸ் வரவில்லை, சீ கியோங் எடுத்துக் கொடுத்தான். அவனும் எதையும் குறைக்கவில்லை.

ஆண்ட்டியின் காது சிவந்தது. அவர் பார்வை அம்மாவின் கையில் இருந்த அங்பாவில் போய் நின்றது. அதை எதற்குக் கொடுத்தோம் என்று அவருக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். "அதை... தவறாகக் கொடுத்துவிட்டேன், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று மலாயில் சொல்லிக் கையை நீட்டினார்.

அம்மா கொடுக்கவில்லை. மலாயில் நேராகவே பதில் சொன்னாள். "இது கூலி. கை நீட்டி வாங்கிவிட்டேன். வாங்கின கூலிக்கு வேலை செய்யாமல் நான் போனதில்லை." கைப்பையைத் திறந்து அங்பாவை உள்ளே போட்டாள். உள்ளேயிருந்து இஞ்சு டேப்பை எடுத்தாள். "உங்களுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துத் தருகிறேன். கல்யாணத்துக்கு நீங்கள் சேலை கட்டிக்கொண்டு வர வேண்டும். எழுந்திருங்கள்."

கல்யாணத்துக்கு என்றாள். என் காதால் கேட்டேன்.

ஆண்ட்டி தன் கணவரைப் பார்த்தார். அவர் முறுக்கை மென்றபடி தலையை ஆட்டினார். ஆண்ட்டி எழுந்தார்.

"என் இடுப்பில் சேலை நிற்குமா?"

"கட்டிவிடுவது நான். நிற்கும்" என்றாள் அம்மா. "கையைத் தூக்குங்கள்."

லியோங் ஆண்ட்டி தன் வீட்டுக் கூடத்தில், தன் முன்னோர் படங்களுக்கு முன்னால், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். அம்மா அளவு சொல்லச் சொல்ல நான் ஃபோனில் குறித்துக்கொண்டேன். எனக்குக் கண் தெரியவில்லை. மைனஸ் மூன்று.

ஜூலை 14, திங்கள்

தெலுக் இந்தானில் ஒரு வீடு. கதவு திறந்தது. எனக்குத் தோன்றியது. கட்டத்தில் குறித்தேன். அவர் வாயைத் திறந்து சொன்னபோது நான் குறித்தது தப்பு. அதை அழிக்காமல் அப்படியே விட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயிலுக்குப் போகிற வழியில் கடை நிறைய ஆட்கள். சந்திரவதனி ஆண்ட்டி ஜாக்கெட் கொடுக்க வந்தார். இருபது வருட வாடிக்கையாளர், வாய் மட்டும் வாடகைக்கு விடலாம். சுவரில் தொங்கிய லியோங் ஆண்ட்டியின் மெரூன் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்து யாருடையது என்று கேட்டார்.

"சம்பந்தியம்மாவுது" என்றாள் அம்மா.

நான் திரைக்குப் பின்னால் ஹூக்கு தைத்துக்கொண்டிருந்தேன். அது வரப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. வந்தது.

"கேள்விப்பட்டேன் மங்களம். என்னதான் சொல்லு, ரத்தம் ரத்தத்தத் தேடிப் போயிடுச்சு பாத்தியா."

அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தாள். மெஷின் நின்றது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அம்மா என் பக்கம் கையை நீட்டி நிறுத்தினாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைப் பஞ்சில் குத்தினாள்.

"ரத்தத்துக்கு என்ன கண்ணா இருக்கு, தேடிப் போக?" என்றாள். "என் பொண்ணுக்கு இருக்கு. பாத்தா. பிடிச்சுது. கட்டிக்கப் போறா. நானும் அப்படித்தான் கட்டினேன்."

கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அதற்காகவே அவள் குரலை உயர்த்தினாள் என்று நினைக்கிறேன். சந்திரவதனி ஆண்ட்டி என்னமோ சொல்ல வாயெடுத்தார்.

அம்மா கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள்.

"கையத் தூக்குங்க" என்றாள். "அளவெடுக்கணும்."